செயினை மாற்றும் முன் அரத்தை எடுங்கள்

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு தோப்பு இருக்கிறது. போன காற்றில் இரண்டு மாமரங்களும் ஒரு வேம்பும் சாய்ந்துவிட்டன. தடிகளை மரஅறுவை மில்லுக்கு ஏற்றிச் செல்லும் லாரி வாடகையே கட்டுப்படியாகவில்லை. அதனால் 72 சி.சி. செயின்சா ஒன்றையும் 25 அங்குல பாரையும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) அலாஸ்கன் மில் சட்டகத்தையும் (தடியை நீளவாக்கில் பலகையாக அறுக்க மெஷினைப் பிடித்துக்கொள்வது) வாங்கிச் சொந்தமாகப் பலகை எடுக்கத் தொடங்கினேன். தடிகள் 18 முதல் 20 அங்குலம் வரை விட்டமும் 8 அடி நீளமும் உள்ளவை. முதல் இரண்டு பலகைகள் நன்றாக வந்தன. கூர் குறைந்ததுபோல் தெரிந்ததால் நானே அரம் போட்டேன். மூன்றாவது பலகையிலிருந்து அறுப்பு கீழ்நோக்கி வளைகிறது. பலகையின் முகத்தில் கோடு கோடாக வடு விழுகிறது. பார் சூடேறிப் புகைகிறது. பெட்ரோல் தீர்ந்த பிறகும் செயின் ஆயில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. நெடுக்கு அறுப்புக்கென்றே தனிச் செயின் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். கார்பைடு பல் வைத்த செயின் வாங்கினால் தீட்டவே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். எதை வாங்குவது? எத்தனை பலகைக்கு ஒரு முறை தீட்டுவது? இதே செயினால் தென்னையையும் அறுக்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முதல் இரண்டு பலகைகள் ஒழுங்காக வந்திருக்கின்றன என்றால் சட்டகம் நேராக இருக்கிறது, எஞ்சினுக்கு வலு போதும், செயினும் அந்த மரத்துக்கு ஒத்துவராத செயின் அல்ல. வளைவு, நீங்கள் அரம் போட்ட பிறகே தொடங்கியிருக்கிறது. ஆகவே இன்று ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். புதுச் செயின் வாங்கினாலும் இரண்டு பலகைக்குப் பிறகு அதையும் நீங்களேதான் தீட்டப்போகிறீர்கள். இப்போது தீட்டிய விதமாகவே தீட்டினால் அதுவும் மூன்றாவது பலகையில் வளையும். பலகை அறுக்கும் செயின் கடையில் பாதியும் அரத்தடியில் பாதியுமாகத்தான் உருவாகிறது. முதலில் அந்த இரண்டாவது பாதியைச் சரிசெய்துகொள்வோம். எந்தச் செயின் வாங்குவது என்பதை அதன் பிறகு பார்க்கலாம்.

மரத்தைக் குறுக்கே துண்டாக்குவதும் நெடுக்கே பலகையாக்குவதும் செயினுக்கு வெவ்வேறு வேலைகள். சாரம் கட்டித் தடியை மேலே ஏற்றி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று கைவாளால் பலகை அறுத்த காலத்து அறுப்புக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குறுக்கு வாளின் பல்லைக் கத்திபோலச் சாய்த்து அராவுவார்கள். நெடுக்கு வாளின் பல்லை உளிபோல நேராக அராவுவார்கள். செயினுக்கும் அதே நியாயம்தான். குறுக்கே அறுக்கும்போது பல்லின் பக்கவாட்டு முனை நார்களை வெட்டிவிட, மேல்தட்டு அவற்றைப் பெயர்த்தெடுத்தால் போதும். உங்கள் சட்டகத்தில் பார் தடியின் அகலத்துக்குக் குறுக்காகப் படுத்து, நீளவாக்கில் முன்னேறுகிறது. அதனால் மேல்தட்டின் விளிம்பே ஒவ்வொரு நாரின் வெட்டுவாயையும் சீவிச் செல்ல வேண்டியிருக்கிறது. மரவேலையில் மிகக் கடினமான சீவல் அதுதான் என்பதை, பலகையின் குறுக்கு முனையில் இழைப்புளி போட்டுப் பார்த்த எந்த ஆசாரியும் சொல்வார். எஞ்சின் முக்குவதும், செயின் சூடேறுவதும், கூர் சீக்கிரம் போவதும் இதனால்தான்.

வேலையின் அளவை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். உங்கள் பாருக்கு வழக்கமாக வரும் 84 டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும் கண்ணி) கொண்ட செயின் ஏறக்குறைய 1.56 மீட்டர் நீளம். முழுப் பல் செயின் என்றால் அதில் 42 பற்கள் இருக்கும். செயின் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பல்லும் நொடிக்கு 13 முறைக்குச் சற்றுக் குறைவாக மரத்துக்குள் போய் வருகிறது. 20 அங்குல அகலமும் 8 அடி நீளமும் உள்ள ஒரு பலகையை 6 நிமிடத்தில் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரே பலகையில் ஒவ்வொரு பல்லும் 2 கிலோமீட்டருக்கு மேல் மரத்துக்குள் பயணம் செய்கிறது. ஒரு கத்தியை 2 கிலோமீட்டர் தூரம் மரத்தில் இழுத்துவிட்டு, அதில் கூர் இன்னும் இருக்கிறதா என்று கேட்பதற்கு ஒப்பானது, எத்தனை பலகைக்கு ஒரு முறை தீட்டுவது என்ற கேள்வி. என் வழக்கத்தில், உங்கள் தடியின் அளவுக்கு ஈரமான மா என்றால் இரண்டு பலகைக்கு ஒரு முறையும் காய்ந்த வேம்பு என்றால் ஒவ்வொரு பலகைக்கும் அரத்தைக் கையில் எடுப்பேன். பெட்ரோல் ஊற்ற நிறுத்தும் நேரமே தீட்டும் நேரம் என்று பழகிக்கொண்டால் மறக்காது. கூர் முழுதும் போன பிறகு தீட்டினால் பல்லுக்கு எட்டு, பத்து இழுப்பு தேவைப்படும். போகத் தொடங்கும்போதே தீட்டினால் இரண்டு, மூன்று போதும். செயின் நீண்ட நாள் வருவதும் அப்படித்தான்.

தூளைப் பார்த்துக் கூரைக் கணிக்கலாம் என்று சொல்வார்கள். அது சரிதான், ஆனால் குறுக்கு அறுப்புக்குச் சொன்ன விதியை இங்கே அப்படியே பொருத்தக் கூடாது. குறுக்கே அறுக்கையில் நல்ல கூரில் செதில் செதிலாக வரும். தூளாக வந்தால் மழுங்கிவிட்டது என்று பொருள். நெடுக்கே அறுக்கையில் கூர் எவ்வளவு இருந்தாலும் தூள்தான் வரும், ஏனென்றால் நார்கள் சிறு சிறு துணுக்குகளாகவே வெட்டுப்படுகின்றன. ஆனால் தூளிலும் வேறுபாடு உண்டு. கூரான செயினின் தூளை உள்ளங்கையில் எடுத்து விரலால் தேய்த்தால் ரவைபோல நெறுநெறுவென்று மணிமணியாக இருக்கும்; மழுங்கிய செயினின் தூள் மைதாபோல விரலில் அப்பிக்கொள்ளும், காற்றில் மிதக்கும். மரத்தின் இயல்பான வாசனை போய்த் தீய்ந்த வாசனை வந்துவிட்டால் நீங்கள் ஏற்கெனவே தாமதித்துவிட்டீர்கள். இதைவிட நம்பகமான அடையாளம் உங்கள் கைகளில் இருக்கிறது: கூரான செயின் சட்டகத்தைத் தானே இழுத்துக்கொண்டு போகும், நீங்கள் வழிகாட்டினால் போதும். தள்ள வேண்டியிருக்கிறது என்று தோள் சொல்லும் கணத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

இனி, வளைவுக்கு வருகிறேன். செயினில் பற்கள் இடமும் வலமும் மாறி மாறி வருகின்றன. 1946-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைக் குடையும் வண்டுப் புழு தன் வளைந்த தாடைகளால் இடமும் வலமுமாக அரித்துச் செல்வதைப் பார்த்து, அதே வடிவில் பல் அமைத்தார்; இன்று நாம் பயன்படுத்தும் செயின் அதிலிருந்து வந்ததுதான். இந்த ஏற்பாட்டில் இரு பக்கப் பற்களும் சமமாக இருக்கும்வரை அறுப்பு நேராகப் போகும். ஒரு பக்கப் பற்கள் நீளமாகவோ கூராகவோ இருந்தால் அந்தப் பக்கமே அதிகம் கடித்து, பாரைத் தன் பக்கம் இழுக்கும். உங்கள் சட்டகத்தில் மெஷின் பக்கவாட்டில் படுத்திருப்பதால் இடமும் வலமும் இங்கே மேலும் கீழுமாகிவிடுகின்றன. அறுப்பு கீழே இறங்குகிறது என்றால் கீழ்ப்பக்கப் பற்கள் நன்றாகக் கடிக்கின்றன, மேல்பக்கப் பற்கள் பின்தங்கியிருக்கின்றன என்று பொருள். வலக்கைப் பழக்கமுள்ள அனைவருக்கும் ஒரு பக்கத்துப் பற்களை அராவுவது எளிதாகவும் மறுபக்கம் அராவுவது கோணலாகவும் வரும். நானும் தொழில் பழகிய முதல் ஆண்டில் இதே தவறைச் செய்து, ஒருவர் வீட்டு வாசற்கால் நிலைக்கு வைத்திருந்த நல்ல வேங்கைத் தடியில் நடுவே தொப்பை விழுந்த பலகை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பலகையை இழைத்து நேராக்கியபோது ஒரு அங்குலத்துக்கு மேல் வீணாகிவிட்டது. அதன் பிறகு அளந்து பார்க்காமல் ஒரு செயினையும் பாரில் மாட்டியதில்லை.

நீங்களும் அளந்து பாருங்கள். ஒரு வெர்னியர் காலிப்பர் போதும். செயினைச் சுற்றிவந்து எல்லாப் பற்களின் மேல்தட்டு நீளத்தையும் அளந்து, மிகக் குட்டையான பல்லைக் கண்டுபிடித்து அதன்மேல் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் பல்தான் மற்ற 41 பற்களுக்கும் அளவு. எல்லாவற்றையும் அதன் நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். நல்ல பற்களைத் தேய்ப்பதற்கு மனம் வராது. இருந்தாலும் செய்யுங்கள், இல்லையென்றால் எத்தனை முறை தீட்டினாலும் வளைவு போகாது.

தீட்டும்போது பாரை வைஸில் இறுக்கிக்கொள்ளுங்கள். தோப்பில் வைஸ் இல்லாவிட்டால் ஓர் அடிக்கட்டையில் இரண்டு அங்குல ஆழத்துக்குப் பள்ளம் அறுத்து அதில் பாரைச் செருகினால் அசையாமல் நிற்கும். உங்கள் செயின் மூன்றெட்டு (3/8 அங்குல) பிட்ச் என்றால் வட்ட அரம் தயாரிப்பாளரைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மில்லிமீட்டர் தடிமனாக இருக்க வேண்டும். செயின் வந்த பெட்டியிலேயே அது அச்சிடப்பட்டிருக்கும். அரத்தின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தட்டுக்கு மேலே தெரிய வேண்டும். அதைவிட இறங்கினால் பல் கொக்கிபோலாகிக் கடித்து இழுக்கும், கூரும் நிற்காது. ஏறினால் விளிம்பு மொண்ணையாகிவிடும். அரத்தை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் தள்ளும்போது மட்டுமே அழுத்த வேண்டும். திரும்பி வரும்போது தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னுமாக ரம்பம்போல இழுத்தால் அரத்தின் பற்களே முதலில் மழுங்கும். ஒரு பக்கப் பற்களை முழுதும் முடித்த பிறகு மறுபக்கம் திரும்புங்கள். இழுப்புகளை எண்ணுங்கள், கைக்கு வராத பக்கத்துக்கு ஓர் இழுப்புக் கூடுதலாகத் தேவைப்படலாம், அதைக் காலிப்பர் சொல்லும்.

தீட்டி முடித்ததும் பல்லை வெயிலில் காட்டிப் பாருங்கள். கூரான விளிம்பில் வெளிச்சம் பட்டுத் திரும்பாது, இருட்டாகவே இருக்கும். எங்கேயாவது வெள்ளை நூல்போல ஒரு மினுக்கம் தெரிந்தால் அந்த இடம் இன்னும் மொண்ணையாக இருக்கிறது. பல்லின் மேல் முகத்தில் மெல்லிய குரோம் பூச்சு இருக்கிறது. வெட்டுவதே அந்தக் குரோம் விளிம்புதான். ஆணியிலோ மணலிலோ பட்ட பல்லில் அந்தப் பூச்சு முனையில் உதிர்ந்து மங்கலாகத் தெரியும். குரோம் பளபளப்பாகத் தொடங்கும் இடம்வரை அராவிப் பின்னுக்குக் கொண்டுபோனால்தான் கூர் நிலைக்கும். பாதியில் நிறுத்தினால் விரலுக்குக் கூராகத் தெரியும், மரத்தில் நான்கு அடிக்குள் போய்விடும்.

கோணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கடைக்காரர் சொன்ன நெடுக்கு அறுப்புச் செயினின் முக்கியமான வேறுபாடு அதுதான். சாதாரணச் செயினின் மேல்தட்டு 30 டிகிரி சாய்வில் தீட்டப்பட்டிருக்கும். நெடுக்குச் செயினில் அது 10 டிகிரி. சாய்வு அதிகமாக இருந்தால் ஒவ்வொரு பல்லும் வெட்டும்போது வெளிப்பக்கமாக ஒதுங்கும். அந்த ஒதுக்கம்தான் பலகையில் நீங்கள் பார்க்கும் கோடுகளில் ஒரு பகுதி. 10 டிகிரியில் பல் நேராக நின்று உளிபோலச் சீவும், முகம் வழவழப்பாக வரும், விளிம்புக்கும் பலம் கூடும். ஆனால் வேகம் கூடிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இழைத்துப் பயன்படுத்தப்போகும் தடிமனான பலகைக்கு 30 டிகிரி செயினே போதும் என்பது என் அனுபவம். 10 டிகிரி வேண்டும் என்றால் தனிச் செயின் வாங்க வேண்டியதில்லை. இருக்கும் செயினையே ஒவ்வொரு தீட்டலிலும் 5 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வந்தால் நான்காவது தீட்டலில் 10-க்கு வந்துவிடும். ஒரே நாளில் மாற்றினால் பல்லின் உயிரில் பெரும் பங்கு அரத்தூளாகிவிடும். கோணம் பிடிக்கக் கருவி இல்லாவிட்டால், ஒரு தகரத் துண்டில் 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடும், அதன் ஒரு முனையிலிருந்து செங்குத்தாக 18 மில்லிமீட்டர் தள்ளி ஒரு புள்ளியும் இட்டு, அந்தப் புள்ளியைக் கோட்டின் மறுமுனையோடு இணைத்து வெட்டிக்கொள்ளுங்கள். அந்தச் சாய்வு 10 டிகிரி.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சிறு திமில்போல நிற்பதைப் பட்டறையில் ரேக்கர் என்போம். இழைப்புளியில் அலகு எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்பதுதான் சுருளின் தடிமனைத் தீர்மானிக்கிறது; செயினில் பல்லின் விளிம்புக்கும் ரேக்கரின் தலைக்கும் உள்ள உயர வேறுபாடு அதே வேலையைச் செய்கிறது. மூன்றெட்டு செயினுக்கு இது வழக்கமாக 0.65 மில்லிமீட்டர். மாவுக்கு அப்படியே விடலாம்; காய்ந்த வேம்பு, புளி போன்ற வைரம் பாய்ந்த மரத்துக்கு 0.5 மில்லிமீட்டரில் நிறுத்தினால் எஞ்சின் திணறாது. பல்லின் மேல்தட்டு பின்னோக்கிச் சரிந்திருப்பதால், அராவ அராவப் பல்லின் உயரம் குறையும், ரேக்கர் அப்படியே நிற்கும். கூர் நன்றாக இருந்தும் செயின் மரத்தின்மேல் வழுக்கிக்கொண்டே போகிறது, மைதாத் தூளே வருகிறது என்றால் ரேக்கர் உயர்ந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். மூன்று, நான்கு தீட்டலுக்கு ஒரு முறை அளவுத் தகட்டை வைத்துத் தட்டை அரத்தால் ஒன்றிரண்டு இழுப்பு கொடுங்கள். பிறகு முன்பக்க மூலையைச் சற்று உருட்டிவிடுங்கள். கண்ணளவில் இறக்க வேண்டாம். ஒரேயடியாக இறக்கிவிட்டால் செயின் மரத்தைக் கடித்து நிறுத்திவிடும், கிளட்ச் வேகும். அப்புறம் பல்லை அராவி அராவித்தான் அதைச் சரிசெய்ய முடியும். இரு பக்க ரேக்கர்களும் சமமாக இல்லாவிட்டாலும் அறுப்பு வளையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பற்களும் ரேக்கர்களும் சமமாக இருந்தும் வளைவு தொடர்ந்தால், குற்றம் பாரில் இருக்கிறது. சட்டகத்தில் பாரின் ஒரு விளிம்பு மட்டுமே மரத்தை அழுத்துவதால் அந்தப் பக்கத் தண்டவாளம் (செயின் ஓடும் பள்ளத்தின் கரை) மட்டும் தேயும். ஓரத்தில் பிசிறு எழும். விரலை ஓட்டினால் கீறும் அளவுக்குப் பிசிறு இருக்கும். அதைத் தட்டை அரத்தால் எடுத்துவிட்டு, பள்ளத்தில் இறுகியிருக்கும் எண்ணெய்க் கசடை ஒரு மெல்லிய தகடால் சுரண்டி, ஒவ்வொரு நாள் வேலைக்குப் பிறகும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். ஒரு சமமான கண்ணாடித் துண்டின்மேல் பாரை விளிம்பில் நிறுத்திப் பாருங்கள். நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டு தண்டவாளங்களும் ஒரே உயரத்தில் இல்லை.

புகைக்குக் காரணம் எண்ணெய். பெட்ரோல் டாங்க் ஒரு முறை தீரும்போது செயின் ஆயிலும் ஏறக்குறைய தீர்ந்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது என்றால் எண்ணெய் செயினுக்குப் போய்ச் சேரவில்லை. பாரைக் கழற்றி, அடிப்பக்கத்தில் இருக்கும் சிறு எண்ணெய்த் துளையைப் பாருங்கள். மாமரத்தின் பால் கலந்த தூள் அதில் அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு மெல்லிய கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, எண்ணெய்ப் பம்புக்குத் திருகு இருந்தால் அதை முழு அளவுக்குத் திறந்துவிடுங்கள். பிறகு பாரின் நுனியை ஒரு வெள்ளைக் காகிதத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து வேகம் கொடுத்தால் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றும் வழக்கம் எங்கும் இருக்கிறது. அதில் உலோகத் துகள் இருக்கிறது, பிசுபிசுப்பு இல்லாததால் நுனியில் வழித்துக்கொண்டு பறந்துவிடும், தோலுக்கும் கேடு. தயவுசெய்து அதை ஊற்றாதீர்கள். செயின் ஆயில் கிடைக்காத நாளில் புது எஞ்சின் ஆயில் கைகொடுக்கும். 3 அடிக்கு மேற்பட்ட பாருக்கு நுனியில் தனி எண்ணெய்ச் சொட்டு வைப்பார்கள். உங்களுக்கு அது வேண்டாம்.

இறுக்கத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். செயின் பாரின் அடிப்பக்கத்தில் தொங்காமல் ஒட்டியிருக்க வேண்டும்; கையுறை அணிந்த கையால் இழுத்தால் தடையின்றி ஓடவும் வேண்டும். நெடுக்கு அறுப்பில் சூடேறி நீளுவதால் ஒவ்வொரு பலகைக்கும் நடுவே இறுக்கத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். சூட்டில் இறுக்கிய செயினை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். ஆறும்போது அது சுருங்கி, பாரையும் கிராங்கின் பேரிங்கையும் பிடித்து இழுக்கும். வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள்.

இப்போது வாங்கும் பேச்சுக்கு வரலாம். உங்களுக்கு இன்னும் ஒரு செயின் தேவைதான். இருப்பதற்கு மாற்றாக அல்ல, அதோடு முறை வைத்து ஓட்டுவதற்கு. இரண்டு செயின்களைத் தீட்டி வைத்துக்கொண்டு காட்டுக்குப் போனால் பாதி நாள் அரத்தோடு உட்கார வேண்டியிருக்காது. வாங்கும்போது பாரின் அடிப்பாகத்தில் பொறித்திருக்கும் மூன்று எண்களையும் குறித்துக்கொண்டு போங்கள்: பிட்ச், டிரைவ் லிங்கின் தடிமன், டிரைவ் லிங்க் எண்ணிக்கை. எழுத்து அழிந்திருந்தால், அடுத்தடுத்த மூன்று ரிவிட்களின் மையத் தூரத்தை அளந்து இரண்டால் வகுத்தால் பிட்ச் கிடைக்கும். மூன்றெட்டு என்றால் 9.3 மில்லிமீட்டர் வரும். தடிமன் 1.3, 1.5, 1.6 என்று இருப்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 1.6 பள்ளத்தில் 1.3 செயினைப் போட்டால் அது ஆடிக்கொண்டே ஓடும், பலகையில் அலை விழும்; பலர் செயினையும் அரத்தையும் குறைசொல்லிக்கொண்டிருக்க, குற்றம் இந்த 0.3 மில்லிமீட்டரில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பல்லின் வகையில் இரண்டு உண்டு. மூலை சதுரமாக இருக்கும் முழு உளிப் பல் வேகமாக அறுக்கும், ஆனால் அந்த மூலை முதலில் போய்விடும். மூலை உருண்ட அரை உளிப் பல் கொஞ்சம் நிதானமாக அறுக்கும், கூர் நீண்ட நேரம் நிற்கும். தோப்பில் கிடந்து மண் ஏறிய தடியையும் வேம்பையும் அறுக்கப்போகும் உங்களுக்கு அரை உளிப் பல்லே ஏற்றது. பற்களை விட்டு விட்டு அமைத்த செயின்கள் நீளமான பாருக்குத் தூள் வெளியேறுவதற்காக வந்தவை. 25 அங்குலத்துக்கு முழுப் பல் செயினே நல்லது. 10 டிகிரியில் தீட்டி வரும் நெடுக்குச் செயின் சாதாரணச் செயினின் விலையை ஒட்டிக் கிடைத்தால் வாங்குங்கள்; பல மடங்கு கேட்டால் வேண்டாம். பல்லின் நீளம் 4 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் செயினைக் கழித்துவிட வேண்டும். இரண்டு செயின் தேயும் காலத்துக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டும் பற்சக்கரம்) மாற்ற வேண்டும். தேய்ந்த ஸ்ப்ராக்கெட் புதுச் செயினை ஒரே வாரத்தில் பழையதாக்கிவிடும்.

அறுப்பின் அகலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். இந்தச் செயின் 8 முதல் 9 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்குகிறது. தச்சர் கணக்கில் மூன்று நூலுக்குச் சற்றுக் குறைவு. ஒரு அங்குலப் பலகையாக எடுத்தால் தடியில் நான்கில் ஒரு பங்கு தூளாகும். இரண்டு அங்குலமாக எடுத்தால் ஏழில் ஒரு பங்கோடு போகும். மெல்லிய பலகை வேண்டும் என்றால் இங்கே தடித்த கட்டையாக அறுத்து, அதை மட்டும் மில்லுக்குக் கொண்டுபோய்ப் பட்டை ரம்பத்தில் பிளந்துகொள்ளுங்கள். அப்போது லாரி தேவைப்படாது, சிறு வண்டியே போதும்.

கார்பைடு செயினைத் தீட்டவே வேண்டாம் என்பது உண்மையல்ல. நீண்ட நேரம் கூர் நிற்கும்; போன பிறகு சாதாரண அரம் அதில் ஏறாது, வைரத் தூள் பதித்த சக்கரம் வேண்டும். ஒரு ஆணி பட்டால் பல் உடைந்து தெறிக்கும். மா, வேம்புக்கு அது தேவையில்லை. தென்னைக்கு மட்டும் யோசிக்கலாம். தென்னையின் வெளிவளையம் மிக அடர்த்தியானது, நடுப்பகுதி பஞ்சுபோன்றது. ஒரே அறுப்பில் இரண்டு வெவ்வேறு மரங்களை அறுப்பதாக வைத்துக்கொள்ளலாம். வெளிவளையத்தின் கடினமான நார்க்கற்றைகள் எஃகுப் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். வீட்டுத் தேவைக்கு இரண்டு, மூன்று மரம் என்றால், மரம் விழுந்த உடனே பச்சையாக இருக்கும்போதே, இதே செயினை ஒவ்வொரு அறுப்புக்கும் தீட்டிக்கொண்டு அறுத்துவிடலாம். காய்ந்து நாளான தென்னையை இந்தச் செயினில் ஏற்ற வேண்டாம்.

வேம்பில் ஒரு எச்சரிக்கை. வீட்டோரத்திலும் சாலையோரத்திலும் நின்ற வேம்பில் ஆணி இல்லாமல் இருக்காது. விளம்பரப் பலகைக்கும் கொடிக் கயிற்றுக்கும் மாட்டைக் கட்டுவதற்கும் அடித்தது எப்போதோ மரத்துக்குள் மூடிப்போயிருக்கும். ஆள் உயரம்வரை உள்ள அடித்தடியைக் கை உலோகக் கண்டறிவியால் சோதித்த பிறகே அறுங்கள். துவர்ப்புள்ள மரங்களில் அறுபட்ட முகத்தில் நீலமும் கருப்புமாகக் கறை தென்பட்டால், அந்தக் கோட்டில் இரும்பு இருக்கிறது. அடுத்த பலகைக்குப் போகும் முன் அங்கே உளியால் கொத்திப் பாருங்கள். செயின் மரத்துக்குள் நுழையும் பக்கத்துப் பட்டையை நான்கு விரல் அகலத்துக்குக் கோடாலியால் சீவி, மண் இருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். உங்கள் பக்கத்துச் செம்மண் ஒட்டிய பட்டை, ஒரு பலகைத் தூரத்துக்குள் கூரை வாங்கிவிடும். அறுத்துக்கொண்டு போகும்போது பின்னால் திறக்கும் வாயில் மர ஆப்புகளைச் செருகி வாருங்கள். மேல்பலகை அமர்ந்து பாரைக் கவ்வாமல் இருக்கும்.

உடுப்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வராது. லுங்கியும் செருப்புமாக இந்த மெஷினைப் பிடிப்பவர்களை வாரம்தோறும் பார்க்கிறேன். அறுந்த செயினின் துண்டு வேகமாகத் தெறிக்கும்; ஆகவே பாரின் நேர்க்கோட்டில் நீங்களும் நிற்காதீர்கள், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையும் நிற்கவிடாதீர்கள். பூட்ஸ், முழுக்கால் பாதுகாப்பு உடை, கண்ணாடி, காதடைப்பு, முகமூடி எல்லாம் வேண்டும். வேம்பின் தூள் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். துணியைக் கட்டிக்கொள்வது போதாது.

மூன்று தடிகளில் மாவை முதலில் எடுத்துவிடுங்கள். அது வெட்டிக் கிடக்க நீலக் கறையும் துளைப்பான் வண்டும் சீக்கிரம் ஏறும். இன்றே இரு முனைகளிலும் பழைய பெயிண்டைப் பூசி, தரையில் படாமல் இரண்டு கட்டைமேல் தூக்கி வையுங்கள். வேம்பு காத்திருக்கும். பற்களை அளந்து சமப்படுத்திய பிறகு எடுக்கும் முதல் பலகையில் ஒரு நேர்க்கட்டையை வைத்துப் பார்த்து, இன்னும் எந்தப் பக்கம் எவ்வளவு வளைகிறது என்பதையும், இரு பக்கப் பல் நீளங்களையும் எழுதி அனுப்புங்கள்.